மாறுவேடத்தில் வெளியேறும் தரவுகள்

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி சனிக்கிழமை காலை, கூகுள் தேடுபொறியின் இலங்கை முகவரியைத் தமது கணினிகளில் திறக்க முற்பட்ட பலர் முற்றிலும் வேறொரு பக்கத்தைக் கண்டு திகைத்தனர். 'எல்கே' என முடியும், இலங்கைக்குரிய ஆள்களப் பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் மாற்றப்பட்டு, அவற்றை நாடி வந்தோர் வேறிடத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தனர். ஒரக்கிள் நிறுவனத்தின் இலங்கை முகவரியும் அவற்றுள் ஒன்று. அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த விடயங்கள் எமது வாசகர்களுக்குப் புதியவையல்ல. தேயிலைத் தொழில்துறையின் நிலைமை, பத்திரிகைச் சுதந்திரம், அரசியலிலும் நீதித்துறையிலும் ஊழல், சிறுபான்மையினரும் மதங்களும் எதிர்நோக்கும் பிரச்சினைகள் என அப்பட்டியல் நீண்டது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி மலையகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடைபெற்றதற்கு மறுநாள் அது. கொவிட் தொற்றினால் உயிரிழந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரிக்கும் நடைமுறையும் அவ்வேளையில் நீடித்துக்கொண்டிருந்தது. ஆள்களப் பதிவகம் அன்று காலையிலேயே நிலைமையைச் சீர்செய்துவிட்டது.

இது பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட காரியம். மலையகத் தொழிலாளியின் சம்பளம் உலகின் தொழில்நுட்பச் செய்திகளில் இடம்பெற ஓர் இணைய ஊடுருவல் தேவைப்பட்டது என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த உண்மை. ஆனால் வலையமைப்புகளுக்குள் களவாக நுழைவோரில் பெரும்பாலானோர் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. வந்தது தெரியாமல் வந்து, வேண்டியதைத் திரட்டி, எடுத்தது தெரியாமல் வெளியே அனுப்புவதே அவர்களது தொழில். அவ்வாறு அனுப்பப்படும் தரவு அதன் சொந்த உருவில் போவதில்லை. மாறுவேடம் பூண்டே போகின்றது. அந்த வேடத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது, கண்டுபிடிக்கும் கருவியை யார் எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பனவே இங்கு நாம் விளக்க முற்படும் விடயங்கள்.

தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஓர் உதாரணம் உண்டு. தமிழகத்தின் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியொன்றில் தீநிரல் புகுந்திருப்பதாக 2019 ஒக்டோபர் இறுதியில் செய்தி பரவியது. நிலையத்தின் தரப்பு முதலில் அதனை மறுத்தது. மறுநாள், ஒக்டோபர் 30ஆம் திகதி, இந்திய அணுமின் கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதியே இந்தியக் கணினி அவசரநிலைப் பதிலளிப்புக் குழு இதனை அறிவித்திருந்தது என்றும், பாதிக்கப்பட்டது இணையத்துடன் தொடர்புபட்ட நிர்வாகக் கணினியே என்றும், உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதனின்றும் வேறானது என்றும் கழகம் விளக்கமளித்தது. அத்தீநிரலின் பெயர் டிட்ராக். கணினியில் இயங்குபவை எவை, வலையமைப்பின் அமைப்பு எவ்வாறானது, உலாவியில் பார்வையிடப்பட்டவை எவை, கோப்புகளின் பெயர்கள் யாவை என்றெல்லாம் திரட்டி, கடவுச்சொல் இட்ட சுருக்கக் கோப்பாகக் கட்டி, உள்வலையமைப்பிலேயே உள்ள மற்றொரு கணினிக்கு நகர்த்துவது அதன் வழி. ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்த மாதிரியில், கூடங்குளத்தின் பெயரைக் கொண்ட பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. அதாவது, முன்னரே ஒருமுறை உள்ளே வந்து பார்த்துச் சென்றவர்கள் மறுபடியும் வந்திருக்கின்றனர்.

இங்கு 'குறியேற்றம்', 'மறையேற்றம்' ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். மறையேற்றம் என்பது திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதவாறு பூட்டுவது. குறியேற்றம் என்பது பூட்டு அல்ல, உருமாற்றம் மாத்திரமே. முறையை அறிந்த எவரும் அதனை மீட்டுப் படிக்கலாம். மலையகத்து முதியவர்களுக்கு இதனை விளங்கவைப்பது எளிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் ஆட்சேர்ப்புச் செய்யப்பட்டவர்களுக்கு, போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் குறியீடு பொறித்த தகரத் துண்டு ஒன்று வழங்கப்பட்டது. அணிந்திருந்தவருக்கு அதன் பொருள் தெரியாது. வழியில் நின்ற அதிகாரிக்கு ஒரே பார்வையில் தெரியும். அந்தத் தகரத் துண்டு செய்தது குறியேற்றமே.

கணினி உலகில் மிகப் பரவலான குறியேற்றம் 'பேஸ் 64' எனப்படுவது. ஆரம்பகால மின்னஞ்சல் முறைமைகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சேதமின்றிக் கடத்தவல்லனவாக இருந்தன. படங்களையும் நிரல்களையும் அவற்றின் வழியே அனுப்புவதற்காக, எந்தத் தரவையும் 64 பாதுகாப்பான குறிகளாக மாற்றும் உபாயம் கையாளப்பட்டது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, சிறிய எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு ஆகியவை அந்த 64. மூன்று பைட்டுகள் நான்கு குறிகளாக மாறும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடும். இன்றும் மின்னஞ்சலில் இணைக்கப்படும் ஒவ்வொரு புகைப்படமும் பெரும்பாலும் இந்த உருவிலேயே பயணம் செய்கின்றது. ஆதலால் பேஸ் 64 என்பது தன்னளவில் குற்றமன்று. திருடனும் தபால்காரரும் ஒரே சீருடையில் நடமாடுவதுதான் காவலனுக்குள்ள சிக்கல்.

அந்தக் காவலனே ஊடுருவல் கண்டறி முறைமை. தேயிலைத் தொழிற்சாலையின் வாயிலில் வெளியேறுவோரின் பைகளைச் சோதிக்கும் காவற்காரரைப் போன்று, வலையமைப்பின் வாயிலில் நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியையும் அது பார்க்கின்றது. மார்ட்டின் ரோஷ் என்பவர் 1998இல் எழுதிய ஸ்நோர்ட் இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. இலவசமாக வெளியான அந்த நிரலைச் சுற்றி வளர்ந்த நிறுவனத்தை 2013இல் சிஸ்கோ ஏறத்தாழ 270 கோடி டொலருக்கு வாங்கியது. அதன் பின்வந்த சுரிகாட்டாவும் இலவசமாகவே கிடைக்கின்றது. இவை இயங்குவது 'விதி'களைக் கொண்டு. எங்கிருந்து எங்கே செல்லும் பொதி, அதனுள் எந்த உள்ளடக்கம் காணப்பட வேண்டும், கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறும் ஒரு வாக்கியமே விதி.

ஒரு பெருந்தோட்டக் காரியாலயத்தை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவிலோ ஹற்றனிலோ உள்ள எந்தத் தோட்டமாகவும் இருக்கட்டும். பிரட்டுக் கணக்கு, கொழுந்து நிறை, சம்பளம், ஊழியர் சேமலாப நிதி ஆகியவை கணினியில் இருக்கும்போது, ஒவ்வொரு தொழிலாளியின் பெயருடனும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் அங்கே இருக்கும். 2016இற்கு முன்னர் வழங்கப்பட்ட பழைய அட்டையின் இலக்கமே ஒரு குறியேற்றம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது; பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். இறுதியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' எனும் எழுத்து. வாக்குரிமை உள்ளவரை முன்னையதும் இல்லாதவரைப் பின்னையதும் குறிப்பதாகவே பொதுவில் விளங்கிக்கொள்ளப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, எஞ்சியோருக்கான உரிமை 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே வழங்கப்பெற்ற ஒரு சமூகத்துக்கு அந்த ஓரெழுத்தின் கனம் என்னவென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தகைய இலக்கங்கள் திரளாக வெளியேறினால் எச்சரிக்கும் விதியை எழுதுவது கடினமன்று. ஒன்பது இலக்கங்கள், அதன் பின் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்பது ஆரம்ப வடிவம். ஆனால் ஒன்பது இலக்கங்கள் எத்தனையோ காரணங்களுக்காக எங்கேயும் வரலாம். ஆகவே அமைப்பை உற்றுநோக்க வேண்டும். நாளைக் குறிக்கும் எண் ஆணுக்கு 001 முதல் 366 வரையும், பெண்ணுக்கு 501 முதல் 866 வரையும் மட்டுமே அமையும். ஆதலால் மூன்றாவது இலக்கம் ஒருபோதும் 4 ஆகவோ 9 ஆகவோ இராது. இதனையும் விதியில் சேர்த்து, ஒரு நிமிடத்துக்குள் இருபது இலக்கங்களுக்கு மேல் வெளியே சென்றால் மாத்திரம் அறிவிக்குமாறு வரம்பிட்டால், பொய் எச்சரிக்கைகள் வெகுவாகக் குறையும். நல்ல விதி என்பது தேடப்படும் பொருளின் இயல்பை அறிந்தவர் எழுதுவது. வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான விதிகளைத் தருவித்தாலும் இலங்கை அடையாள அட்டையின் மூன்றாவது இலக்கத்தைப் பற்றி அவற்றுள் ஒன்றுகூட அறிந்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது.

திருடுபவர் அக்கோப்பைப் பேஸ் 64 ஆக மாற்றி அனுப்பினால் மேற்படி விதி கண்ணிழந்துவிடும். இலக்கங்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எனவே விதிக்குள்ளேயே 'முதலில் குறியை அவிழ், பின்னர் தேடு' என்று கட்டளையிட வேண்டும். ஸ்நோர்ட்டில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. எவ்விடத்திலிருந்து, எத்தனை பைட்டுகளை அவிழ்க்க வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, அவிழ்த்த பகுதிக்குள் தேடச் சொல்லலாம். ஆயினும் வரியொன்று முறிந்த இடத்தில் அது பொதுவாக நின்றுவிடும் என்பதையும், தொடக்க இடம் ஒன்றிரண்டு குறிகள் தவறினாலும் அவிழ்ந்து வருவது குப்பையாகவே இருக்கும் என்பதையும் விதி எழுதுவோர் அனுபவத்தில் அறிந்துகொள்கின்றனர். மின்னஞ்சல் இணைப்புகளுக்கு இந்தத் தொல்லை குறைவு; அவற்றைப் பிரித்துக்கொடுக்கத் தனிப்பகுதி உள்ளது.

எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்க்க நேரமும் வலுவும் போதா. அதனால் அவிழ்க்காமலேயே முகம்பார்த்து அறியும் வழியொன்றும் கையாளப்படுகின்றது. விண்டோஸ் கணினியில் இயங்கும் நிரல்கள் யாவும் 'எம்', 'இசட்' எனும் இரு எழுத்துகளுடன் தொடங்கும். அவை மைக்ரோசொப்ட் பொறியியலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள். அத்தகைய நிரல் பேஸ் 64 உருவம் பெறும்போது பெரும்பாலும் 'ரீ, வீ, கியூ, கியூ' என ஆரம்பிக்கும். சாதாரண இணையப் பக்கமொன்றின் நடுவே இந்நான்கு குறிகளுடன் தொடங்கும் நீண்ட கோவையொன்று உள்ளே வருமானால், அதனை நிறுத்தி விசாரிப்பதில் தவறில்லை.

தமிழுக்கும் இவ்வாறான முகமொன்று உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இன்று வழக்கிலுள்ள யூனிக்கோட் முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துறுப்பும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகின்றது. மூன்று பைட்டுகள் நான்கு குறிகளாவதால், தமிழ் உரை பேஸ் 64 ஆகும்போது ஒவ்வோர் எழுத்துறுப்பும் சரியாக நான்கு குறிகளாகும். அவற்றின் முதலிரு குறிகள் எப்போதும் '4' எனும் இலக்கமும் 'கே' எனும் பெரிய எழுத்துமே. மூன்றாவது குறி '6' அல்லது கூட்டல் குறி. 'தமிழ்' என்ற சொல்லையே மாற்றிப் பார்த்தால் இருபது குறிகள் வரும். அதில் ஐந்து தடவை '4' உம் 'கே' யும் தலைநீட்டும். இரண்டு சொற்களுக்கிடையே ஒற்றை வெற்றிடம் விழுந்ததும் வரிசை ஒரு பைட் நகர்ந்து வேறு தோற்றம் எடுக்கும். மற்றொரு வெற்றிடத்தில் மூன்றாவது தோற்றம். அதற்கடுத்ததில் மறுபடியும் முதலாவது. ஆகவே ஒரு சொல்லைத் தேடுவதற்கு மூன்று வடிவங்களையும் விதியில் எழுத வேண்டியதாகின்றது.

யூனிக்கோட் பரவுவதற்கு முன்னர் இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளும் காரியாலயங்களும் பாமினி போன்ற எழுத்துருக்களையே பெரிதும் நம்பியிருந்தன. அவற்றில் தமிழ் என்பது கண்ணுக்குத்தான். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. தோட்டக் காரியாலயங்களில் அந்தக் காலத்துப் பெயர்ப்பட்டியல்கள் இன்னும் அப்படியே கிடக்கக்கூடும். யூனிக்கோட் தமிழைத் தேடும் விதி அவற்றைக் காணாது.

பொதிகளின் உள்ளடக்கத்தைக் கடுமையாகச் சோதிக்கத் தொடங்கியதும், தரவை உள்ளடக்கத்தில் வைக்காமல் முகவரியில் வைத்து அனுப்பும் தந்திரம் உருவானது. எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் முதலில் அதன் பெயருக்குரிய எண் முகவரியைக் கணினி விசாரிக்கும். இந்த விசாரணையைத் தடுத்தால் இணையமே இயங்காது என்பதால், பெரும்பாலான வாயில்கள் இதனைக் கேள்வியின்றி அனுமதிக்கின்றன. திருடன் தனக்கென ஒரு பெயரைப் பதிவுசெய்து, களவாடிய தரவைச் சிறு துண்டுகளாக்கி, அப்பெயரின் முன்னால் ஒட்டி விசாரிக்கச் செய்தால் போதும். ஒவ்வொரு விசாரணையும் ஒரு துண்டு களவுப் பொருளுடன் அவனிடம் போய்ச்சேரும். பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது என்பதால் இங்கு பேஸ் 64 உதவாது. 32 குறிகளைக் கொண்ட பேஸ் 32 கைகொடுக்கும். புள்ளிகளுக்கிடையே 63 குறிகள், முழுப்பெயரும் சுமார் 250 என்பது எல்லை. 2020 டிசெம்பரில் அம்பலமான சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில், ஏறத்தாழ 18,000 நிறுவனங்களுக்குச் சென்ற நச்சு இற்றைப்படுத்தல், பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் உள்வலைப் பெயரைக் குறியேற்றி இவ்வாறான விசாரணைக்குள்ளேயே ஒளித்து அனுப்பியது. அதனைக் கண்டுபிடித்த பயர்ஐ நிறுவனம், மற்றவர்களும் தத்தமது வலையமைப்புகளைச் சோதிப்பதற்கு ஸ்நோர்ட் விதிகளையே பகிரங்கமாக வெளியிட்டது.

இவ்வகைக் களவைப் பிடிப்பதற்கு எழுத்தைத் தேடுவதைவிட நடத்தையைக் கவனிப்பது மேல். ஒரே தலைப்பெயரின் கீழ் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான புதுப்புதுப் பெயர்கள், அவை ஒவ்வொன்றும் ஐம்பது குறிகளுக்கு மேல், அதுவும் தொழிற்சாலையில் வேலை நடக்காத வேளையில் எனின், அதற்கு நல்ல விளக்கம் அரிதாகவே இருக்கும். அரிது என்றோம், இல்லை என்று சொல்லவில்லை. வைரஸ் எதிர்ப்பு மென்பொருட்கள் சிலவும் இதேபோன்ற நீண்ட பெயர்களை விசாரிப்பதுண்டு.

இத்தனைக்கும் பின்னர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். இன்று இணையத்தளப் போக்குவரத்தின் பெரும்பகுதி மறையேற்றப்பட்டே செல்கின்றது. பூட்டிய பெட்டிக்குள் இருப்பது பேஸ் 64 ஆ, பச்சைத் தமிழா என வாயிற்காவலனால் கூற முடியாது. எங்கே போகின்றது, எவ்வளவு பருமன், எத்தனை மணிக்கு என்பவை மாத்திரமே தெரியும். கூடங்குளத்தில் கண்டதுபோல் தரவு முதலில் உள்வலைக்குள்ளேயே நகருமானால், வெளிவாயிலில் நிற்பவருக்கு அதுவும் தெரியாது. பூட்டை இடைவழியில் திறந்து பார்ப்பதற்கு நிறுவனங்கள் தமது கணினிகளில் தனிச் சான்றிதழ் ஒன்றை நிறுவுவதுண்டு. கஸகஸ்தான் அரசாங்கம் 2019இல் தனது பிரஜைகள் அனைவருக்கும் இதனையே செய்ய முற்பட்டபோது, முன்னணி உலாவி நிறுவனங்கள் அச்சான்றிதழை ஏற்க மறுத்துத் தடுத்தன.

தமிழ் பேசும் மக்கள் இவ்விடத்தில் சற்று நிதானிப்பது நியாயமானதே. தொழிலாளியின் அடையாள இலக்கம் வெளியேறுவதைக் கண்டறியும் அதே விதியில், இலக்கத்துக்குப் பதிலாக ஒரு தொழிற்சங்கத்தின் பெயரையோ ஒரு மதச் சொல்லையோ எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். 2018 மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்கள் மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டபோது பேஸ்புக், வட்ஸ்அப் முதலானவை முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பியவர்களைத் தடுப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. உறவினர் உயிரோடிருக்கின்றனரா என விசாரித்தவர்களும் சேர்ந்தே முடங்கினர். வெறுப்புப் பதிவுகள் விடயத்தில் தாம் போதியளவு செய்யவில்லை என்று பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது வேறு கதை. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் முடக்கம் மீண்டும் வந்தது. காவற்காரர் திருடனைத் தேடுகின்றாரா, பயணியின் பையைக் கிளறுகின்றாரா என்பது அவர் கையிலுள்ள விதிப்பட்டியலைப் பார்த்தாலன்றித் தெரியாது. அப்பட்டியல் மக்களுக்குக் காட்டப்படுவதில்லை.

மறுபுறத்தில், காவலின்மையின் விலையையும் இந்நாடு கண்டுள்ளது. 2023 ஓகஸ்ட்டில் அரசாங்கத்தின் மேகக்கணிமைச் சேவை கப்பம் கோரும் நிரலின் தாக்குதலுக்குள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள் அதில் அடங்கின. காலாவதியான மென்பொருள் இற்றைப்படுத்தப்படாமல் இருந்ததும், அக்காலப்பகுதிக்கு வேறாக வைக்கப்பட்ட பிரதி இல்லாததும் காரணங்களாகக் கூறப்பட்டன. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது; அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் பிற்போடப்பட்டன.

பெருந்தோட்டக் கம்பனிகள் 1992இல் முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்ற காலத்தில் தொழிலாளியைப் பற்றிய விபரங்கள் காரியாலய அலுமாரியில் இருந்த பேரேடுகளில் கிடந்தன. அவற்றைத் திருட வேண்டுமானால் மலையேறி வந்து தூக்கிச் செல்ல வேண்டும். இப்போது அது ஒரு சிறு கோப்பு. ஸ்நோர்ட்டும் சுரிகாட்டாவும் இலவசம். பழைய கணினியொன்றிலும் இயங்கும். அவை எழுதிவைக்கும் எச்சரிக்கைப் பதிவைத் தினமும் திறந்து படிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலான காரியாலயங்களில் பிரட்டுக் கணக்கு, சம்பளப் பட்டியல், வங்கிக் கடிதம் என எல்லாவற்றையும் பார்க்கும் எழுதுவினைஞர் மீதே அதுவும் சுமத்தப்படும். அவருக்கு அதற்கான பயிற்சியைத் தமிழில் வழங்குவது யார், பட்டியல் களவுபோனது தெரியவந்தால் லயத்திலுள்ள தொழிலாளிக்கு அதனை அறிவிப்பது யார் என்ற இரு கேள்விகளையும் கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் நாம் முன்வைக்கின்றோம்.